எண்பதாம் டிகிரிக்கு அப்பால் இருந்த படகு

இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை மாதா கோயிலுக்குப் போய், இரண்டு முறையும் வேறு எதையோ சொல்லிவிட்டு வந்தேன். கோபம், பொறுமையின்மை, பூசைக்கு வராமல் இருந்த ஞாயிறுகள் என்று வயதான ஆண்கள் வழக்கமாகச் சொல்கிறவை. இதைச் சொல்வதென்றால் தரவுத்தளம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும், சாமியாருக்கு அவ்வளவு நேரம் இருக்காது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்கப்பட்டேன் என்பதுதான் உண்மை.

முப்பத்துநான்கு வருடம் கல்லூரியில் கணிதம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். காரைக்கால் தருமபுரத்தில் சொந்த வீடு. பிள்ளைகள் வெளியூரில். கணினியை ஐம்பது வயதுக்கு மேல் நானாகப் படித்துக் கற்றேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, அதைக் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். கடல் ஊருக்குள் வந்து போன மறுவருடம், கரையோரக் கிராமம் ஒன்றில் மீனவர்களுக்காக ஒரு சங்கம் வயர்லெஸ் அறை கட்டியது. படகுகளுக்கு வாக்கி-டாக்கி, கையடக்க ஜிபிஎஸ், கரையில் ஒரு கோபுரம், அதன் கீழே பத்துக்குப் பத்தில் ஓர் அறை, ஒரு கணினி. கணினியில் ஓட வேண்டியதை எழுதித் தர ஆள் தேடினார்கள். காசு வேண்டாம், நான் செய்கிறேன் என்றேன்.

வேலை எளிமையானது. காலையில் வலை விட்டதும் ஒவ்வொரு படகும் கரையைக் கூப்பிட்டுத் தான் இருக்கும் இடத்தைச் சொல்லும். கரையில் இருப்பவர் அதைக் கணினியில் ஏற்றுவார். ஏதாவது ஒரு படகுக்கு ஆபத்து என்றால், அந்தப் படகின் எண்ணைத் தட்டியதும், அதற்கு மிக அருகில் இருக்கும் படகுகள் தூர வரிசைப்படி திரையில் வரும். மேலே இருக்கும் படகைக் கூப்பிட்டு அனுப்ப வேண்டும். கூப்பிடப்பட்டவன் வலையை அறுத்துப் போட்டுவிட்டாவது போக வேண்டும். அது அந்த ஊர்க் கட்டுப்பாடு. கணினிக்கும் வயர்லெஸ்ஸுக்கும் முன்பிருந்தே உள்ளது.

இலவசமாகக் கிடைக்கும் ஒரு தரவுத்தள மென்பொருளைப் பயன்படுத்தினேன். பூமியின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கணக்கிட, அதோடு சேர்த்து நிறுவிக்கொள்ளும் ஒரு துணைநிரல் உண்டு. யாரோ முன்பின் தெரியாத நல்லவர்கள் எழுதி, சோதித்து, எல்லோருக்கும் கொடுத்தது. நிறுவினேன். அப்போதுதான் ஒரு சிக்கலைக் கவனித்தேன்.

ஜிபிஎஸ் கருவி இடத்தை டிகிரியாகவும் நிமிடமாகவும் காட்டும். மீனவர்கள் அதைப் பார்த்து அப்படியே படிப்பார்கள்: "எழுவத்தொம்போது, அம்பத்தெட்டு." அறையில் இருப்பவர் 79.58 என்று தட்டுவார். ஆனால் ஒரு டிகிரிக்கு நூறு நிமிடம் இல்லை, அறுபதுதான். கடிகாரம் மாதிரி. ஒன்பது ஐம்பத்தெட்டுக்கும் பத்து ஒன்றுக்கும் நடுவே மூன்று நிமிடம்தான் என்று நமக்குத் தெரியும். அதையே 9.58, 10.01 என்று வெறும் எண்ணாகப் படிக்கும் இயந்திரத்துக்கு நடுவில் நாற்பத்துமூன்று இருக்கிறது. துணைநிரல் அப்படித்தான் படித்தது.

இதற்குச் சரியான வழி எனக்குத் தெரியும். துணைநிரலைத் தொடாமல், எண்ணை மாற்றித் தருகிற ஒரு செயல்கூறை, அதாவது ஒரு சின்னக் கட்டளைத் தொகுப்பை, என் பெயரில் தனியாக எழுதி, எல்லாத் திரைகளிலும் அதைக் கூப்பிட வேண்டும். நான்கு திரைகளைத் திருத்த வேண்டியிருந்தது. எனக்குப் பொறுமை இல்லை. நிறுவப்பட்டிருந்த துணைநிரலுக்குள்ளேயே போய், அதன் செயல்கூறு ஒன்றைத் திறந்து, ஒரு வரியை மாற்றினேன். டிகிரியைப் பிரித்து, மிச்சத்தை அறுபதால் வகுக்கும் ஒரு வரி. ஒரே இடத்தில் மாற்றியதும் நான்கு திரையிலும் தூரம் சரியாக வந்துவிட்டது. எங்கும் எழுதி வைக்கவில்லை. வழிமுறையைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதிய மாணவர்களுக்கு முப்பத்துநான்கு வருடம் மதிப்பெண் குறைத்தவன் நான்.

அறையில் உட்கார்ந்தவள் அந்த ஊர்ப் பெண். முப்பது வயதிருக்கும். கடல் வந்த அன்று கணவனை இழந்தவள். பட்டப்படிப்பை முடித்திருந்ததால் சங்கத்தார் அவளை அமர்த்தினார்கள். அவளுடைய தம்பியும் ஃபைபர் படகு வைத்திருந்தான். வேகமாகக் கற்றுக்கொண்டாள். படகிலிருந்து வரும் குரலை வைத்தே யார் எந்தப் படகு என்று சொல்லிவிடுவாள். அவர்களும் அவளைச் சும்மா விடமாட்டார்கள்.

"அக்கா, கரையில இன்னைக்கி என்னா கொழம்பு? ஓவர்."

"கத்திரிக்கா கொழம்பு. மீனு பிடிக்கிறவன் மீனோட வந்தாத்தான மீனு கொழம்பு? எடத்தச் சொல்லுடா மொதல்ல. ஓவர்."

ஒன்றரை வருடம் நன்றாக ஓடியது. பிறகு கணினியின் வன்தட்டு கரகரவென்று சத்தம் போடத் தொடங்கியது. சங்கம் புதுக் கணினி வாங்கியது. அதில் தரவுத்தளத்தின் புதிய பதிப்பைப் போட்டுப் பழைய தரவை ஏற்ற வேண்டும். எனக்கு அப்போது கண்புரை அறுவை முடிந்து ஓய்வு. ஒரு தாளில் படிகளை எழுதி அவளிடம் கொடுத்தேன். முதலில் துணைநிரலின் புதிய பதிப்பை நிறுவு. பிறகு பழைய தரவின் நகலை ஏற்று. ஏற்றும்போது, 'ஏற்கெனவே உள்ளது' என்று பிழைச் செய்திகள் வரிசையாக வரும். துணைநிரலின் பகுதிகள் நகலிலும் இருப்பதால் வருபவை அவை. கண்டுகொள்ளாதே.

அந்தக் கடைசி வாக்கியத்தின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன்.

அவள் தாளில் உள்ளபடி ஒன்று விடாமல் செய்தாள். நூற்றுக்கு மேற்பட்ட பிழைச் செய்திகளில் ஒன்று, நான் மாற்றிய செயல்கூறைப் பற்றியது. அந்தப் பெயரில் புதுச் செயல்கூறு ஏற்கெனவே இருக்கிறது, பழையதை ஏற்ற முடியாது என்றது அது. என் வரி அங்கே கழன்று விழுந்தது. அப்படி ஒரு வரி இருந்ததே அவளுக்குத் தெரியாது. எனக்கு மறந்துபோயிருந்தது. கண் சரியான பிறகு ஒருநாள் போய், ஒரு படகின் எண்ணைத் தட்டிப் பார்த்தேன். பட்டியல் வந்தது. பலே என்று அவள் முதுகில் தட்டாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். வரிசை சரியா என்று பார்க்கவில்லை.

காரைக்காலின் இருப்பிடத்தையும் சொல்ல வேண்டும். நம் கரை எண்பதாம் டிகிரிக்குச் சற்று மேற்கே இருக்கிறது. கரையிலிருந்து ஒன்பது, பத்து மைல் கிழக்கே போனால் எழுபத்தொன்பது முடிந்து எண்பது பிறக்கும். நம் படகுகள் வலை விடுவது அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும்தான். வேறு எந்த ஊரிலாவது இருந்திருந்தால் என் தவறு தூரத்தைக் கொஞ்சம் குறைத்துக் காட்டியிருக்கும். வரிசை பெரும்பாலும் மாறியிருக்காது. இங்கே, கோட்டுக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் படகுகூடப் பட்டியலின் அடியில் போய் நிற்கும்.

மூன்று வாரம் கழித்து ஒரு மதியம். சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தேன். அவள் கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"சார், ஒரு போட்ல ஆளுக்கு அடிபட்டுருச்சி சார். இன்ஜின் பெல்ட்ல கை மாட்டிக்கிச்சாம், ரத்தம் நிக்கலையாம். இன்ஜினும் நின்னுபோச்சு. லிஸ்ட் போட்டேன். மேல இருக்கறது அஞ்சு மைலு, தெக்க நாகப்பட்டினம் பக்கம். ஆனா தம்பி போட்டு கடைசில காட்டுது சார், இருவத்தஞ்சு மைலுன்னு."

"அதனால என்ன?"

"இல்ல சார், காலையில அவன் பேசறப்ப அந்தப் பக்கமாத்தான் வலை விட்டுருக்கேன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. இருவத்தஞ்சு மைலுலாம் அவன் போவ மாட்டான் சார். அவ்ளோ டீசல் கெடையாது அவன்ட்ட. அவனயும் ஒரு வார்த்த கூப்புட்டுப் பாக்கவா? அவன் வேற சேனல்ல இருப்பான், தேடிப் புடிக்கணும்."

"உன் ஞாபகத்த நம்புறதா, மெஷின நம்புறதாம்மா? லிஸ்ட்ல மேல இருக்கறவங்களக் கூப்பிடு. ஒருத்தனத் தேடிக்கிட்டு நேரத்த வீணாக்காத."

"சரிங்க சார்."

அந்த "சரிங்க சார்" இன்னும் எனக்குக் கேட்கிறது.

கணினி ஐந்து மைல் என்று காட்டிய படகு உண்மையில் ஒன்பது மைலுக்குப் பக்கத்தில் இருந்தது. அது வலையை விட்டுவிட்டுத்தான் வந்தது. அடிபட்டவரிடம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. அவள் தம்பியின் படகு இருந்தது எண்பதாம் டிகிரிக்கு ஒரு நிமிடம் கிழக்கே. அடிபட்ட படகு அதே கோட்டுக்கு இரண்டு நிமிடம் மேற்கே. நடுவில் மூன்று மைல். அரை மணியில் போயிருப்பான்.

அடிபட்டவர் நாற்பத்தைந்து வயது மனிதர். அரசு மருத்துவமனையில் கட்டுப்போட்டு அன்றே புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். வலது கையை மணிக்கட்டோடு எடுத்தார்கள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதாக ஊரில் பேச்சு. மருத்துவர்கள் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் அந்தப் பேச்சுதான் தீயாகப் பரவியது.

சாயங்காலம் தம்பி கரை ஏறினான். அன்று அவனுக்கு நல்ல மீன். கரையில் ஆட்கள் ஜிபிஎஸ் கருவிகளை வைத்து எந்தெந்தப் படகு எங்கே இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மைல் என்று தெரிந்துவிட்டது. அக்காள் தம்பியைக் கூப்பிடவில்லை, அவன் வலையில் மீன் விழுந்துகொண்டிருந்தது. இதற்கு மேல் ஊருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

மறுநாள் அந்த ஊர்க் கோயில் வாசலில் பஞ்சாயத்துக் கூடியது. என்னையும் வரச் சொன்னார்கள். ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் தள்ளி நின்றார்கள். நான் போனபோது ஒருத்தி கையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தாள்.

"தம்பி வலையில மீனு, அடுத்தவன் கையில ரத்தம்! கரையில குந்திக்கிட்டு நல்லாத்தான் பாத்துக்கிட்ட!"

"சும்மா இரு ஆத்தா," என்றார் நாட்டார். ஊர்த் தலைவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பிறகு தள்ளி நின்ற வயர்லெஸ் அறைப் பெண்ணைப் பார்த்து, "நீ சொல்லு. ஏன் கூப்புடல?" என்றார்.

"மெஷின் அவனக் கடைசில காட்டிச்சுங்க. எனக்கே சந்தேகமா இருந்துச்சு. சாருக்குப் போன் பண்ணிக்கூடக் கேட்டேன். சாரக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாட்டார் துண்டை மடியில் போட்டுக்கொண்டு மரியாதையாகவே கேட்டார்: "சார், படிச்சவங்க, நீங்க சொல்லுங்க. மெஷின் தப்பாக் காட்டுமா?"

எனக்கு அப்போது உண்மை தெரியாது. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. ஆனால் அத்தனை பேர் நடுவில், என் கணக்கு தவறாக இருக்கக்கூடும் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"ரெண்டு வருஷமா ஓடுதுங்க. மெஷின் தப்பாக் காட்டாது," என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "உள்ள போட்ட நம்பர் தப்பா இருந்தா அது வேற விஷயம்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நம்பரு சரியாத்தான் சார் போட்டேன்" என்றாள். குரல் பெரிதாக எழவில்லை.

தீர்ப்பு அரை மணி நேரத்தில் முடிந்தது. தம்பி இரண்டு மாதம் கடலுக்குப் போகக்கூடாது. அவள் இனி வயர்லெஸ் அறையில் உட்காரக்கூடாது. அந்த வீட்டோடு பேச்சு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லாமலே நின்றுபோனது.

அடுத்த நாள் காலை அறைச் சாவியை வாங்கிக்கொண்டு போய்க் கணினியின் முன் உட்கார்ந்தேன். அவளுடைய நோட்டுப் புத்தகத்தில் தம்பி படகின் இடம்: எண்பது, ஒன்று. கணினியிலும் 80.01. சரியாகப் போட்டிருந்தாள். தூரம் மட்டும் இருபத்தைந்து மைல். பத்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. துணைநிரலின் செயல்கூறைத் திறந்தேன். முதலில் எழுதியவர்கள் எழுதியபடியே, என் கை படாமல், சுத்தமாக இருந்தது. தரவை ஏற்றியபோது வந்த செய்திகளை அவள் ஒரு கோப்பில் சேமித்து வைத்திருந்தாள். அப்படிச் செய்யும்படி நான் சொல்லவில்லை, அவளாகச் செய்தது. அதில் தேடினேன். அந்த ஒரு வரி இருந்தது.

என்ன செய்தேன் என்பதை அப்படியே எழுதுகிறேன். துணைநிரலுக்குள் என் வரியை மறுபடியும் போட்டேன். பட்டியலை வரவழைத்தேன். தம்பியின் படகு முதலிடத்தில், மூன்று மைல் என்று வந்தது. சேமித்த கோப்பை மூடினேன். அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, மனைவி கொடுத்த காபியைக் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, இப்போது சொன்னால் மீனவர்கள் வயர்லெஸ்ஸையே நம்பாமல் போய்விடுவார்கள், அதனால் நாளை ஓர் உயிர் போகலாம் என்று ஒரு காரணம் கிடைத்தது. அது நல்ல காரணம் போலவே இருந்தது. பல மாதம் அதை வைத்துக்கொண்டு தூங்கினேன். அடுத்த வருடம் எல்லாவற்றையும் முறையாக மாற்றி எழுதினேன்: துணைநிரலைத் தொடவில்லை, என் செயல்கூறு தனியாக, என் பெயரில், விளக்கக் குறிப்போடு. அந்த வருடச் சங்க விழாவில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். மறுக்கவில்லை.

தம்பிக்கு இரண்டு மாதம் முடிந்தும் அவனோடு கடலுக்குப் போக ஆள் கிடைக்கவில்லை. படகை விற்றுவிட்டுக் கேரளத்தில் கூலிக்குப் படகு ஏறினான். அவள் கோட்டுச்சேரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

மூன்று வருடம் ஆனது. மனைவி இறந்தாள். தனியாக இருக்கும் வீட்டில் ஒரு மனிதன் தன்னிடமே திரும்பத் திரும்பப் பொய் சொல்ல முடியாது. ஒருநாள் கோட்டுச்சேரி பஸ்ஸில் ஏறினேன்.

கடையில் கூட்டம் இல்லை. அவள் யாருடைய குடும்ப அட்டையையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "வாங்க சார். எத்தன காப்பி?" என்றாள்.

சொன்னேன். நின்றுகொண்டே, துணைநிரல், நான் மாற்றிய வரி, தாளில் நான் போட்ட இரண்டு கோடு, மறுநாள் காலை நான் பார்த்தது, மூடியது எல்லாவற்றையும். அவள் இயந்திரத்தின் மூடியைப் பிடித்தபடியே கேட்டாள்.

"அப்ப நான் டைப் பண்ணது சரியா சார்?"

"சரி. எண்பது, பூஜ்யம் ஒன்னு. சரியாத்தான் போட்டிருந்த."

அவள் மூடியை இறக்கி வைத்தாள். பிறகு சொன்னாள்: "மூணு வருசமா நெனச்சி நெனச்சிப் பாக்குறேன் சார். அவசரத்துல ஒருவேள தப்பாப் போட்டுட்டனோன்னு. நீங்க சொன்னீங்கள்ல, உள்ள போட்ட நம்பருன்னு. நீங்க சொன்னா சரியாத்தான இருக்கும்னு."

மன்னித்துக்கொள் என்று தொடங்கினேன்.

"எங்கிட்ட சொல்லிட்டு பஸ் ஏறிடாதீங்க சார்," என்றாள். "ஊர்ல சொல்லுங்க. எழுதிக் குடுத்தா படிக்க மாட்டாங்க. கோயில் வாசல்ல வந்து சொல்லுங்க, அன்னைக்கி சொன்ன எடத்துலயே."

அடுத்த கூட்ட நாளில் போனேன். நாட்டார் மாறியிருந்தார். எனக்கு நாற்காலி போட்டார்கள், உட்காராமல் சொன்னேன். துணைநிரல் பற்றியெல்லாம் விளங்கியிருக்காது. ஆனால் நம்பர் சரி, மெஷின் தப்பு, மெஷினைக் கெடுத்தது நான், தெரிந்தும் மறைத்தது நான் என்பது விளங்கியது. சற்று நேரம் சலசலப்பு. பிறகு புது நாட்டார், "பழைய கத சார். பெரியவங்க அன்னைக்கி ஒரு தீர்ப்பு சொல்லிட்டாங்க. அதத் திரும்ப எடுக்கறது வழக்கமில்ல. விடுங்க. டீ சாப்டுங்க," என்றார். என்மேல் கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். டீ கொடுத்தார்கள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

கை போனவர் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். எழுந்து என்னிடம் வந்தார்.

"அந்தப் பயலக் கூப்புட்டிருந்தா அர மணியில வந்திருப்பானா சார்?"

"வந்திருப்பான்."

"கூப்புட்டிருந்தா."

"கூப்பிட வேணாம்னு நான்தான் சொன்னேன்."

அவர் துண்டை மணிக்கட்டின் மேல் இழுத்து விட்டுக்கொண்டார். "கேரளாவுலேர்ந்து மூணு தடவ போன் பண்ணுனான். நான் எடுக்கல. நம்பரயும் அழிச்சிட்டேன்," என்றார். பிறகு திரும்பி, அவனுடைய நம்பர் யாரிடமாவது இருக்கிறதா என்று சத்தமாகக் கேட்டார். யாரிடமும் இல்லை. அவன் அக்காளிடம்தான் இருக்கும், அவள் கோட்டுச்சேரியில் இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள்.

"கடை தெரியுமா உங்களுக்கு?" என்று என்னைக் கேட்டார். தெரியும் என்றேன். "காட்டுங்க."

சாலை வரை இருவரும் நடந்தோம். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் துடைத்து அவரைப் பார்த்தேன். அவர் மிச்சமிருந்த ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, கோட்டுச்சேரி வரும்வரை நின்றுகொண்டே வந்தார்.